சொந்த உபயோகத்துக்கு ஒரு வண்டி

நிதானம் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல, பஸ் டிப்போவில் வைத்தது. இளம் வயதில் அவர் நகரப் பேருந்து ஓட்டினார். எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டியை எட்டே முக்காலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். கேட்டால், "ஒரு அம்மா ஓடி வந்தாங்க, நிறுத்தினேன். அவங்களுக்குப் பின்னாடி இன்னொருத்தர் ஓடி வந்தார்" என்பார். ஓடி வருகிறவர்களுக்கெல்லாம் நிறுத்தினால் பஸ் எப்போது போய்ச் சேரும்? மேலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "உனக்கு இது ஒத்துவராதுப்பா. அவசரமே இல்லாத சவாரியா பார்த்து ஓட்டு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அப்படி ஒரு சவாரி நிஜமாகவே இருந்தது. நிதானம் அமரர் ஊர்தி ஓட்டப் போனார்.

முதலில் கூலிக்கு ஓட்டினார். பிறகு ஒரு பழைய டீசல் வேனைச் சொந்தமாக வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரெச்சர் வழுக்கிக்கொண்டு போவதற்குத் தரையில் இரண்டு தண்டவாளம் பதித்தார். ஓரத்தில் சொந்தக்காரர்கள் உட்கார ஒரு நீளப் பலகை. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறை அடித்தளத்தில் இருந்தது. சரிவுப் பாதையில் வண்டியைப் பின்பக்கமாக இறக்கி, கதவுக்கு நேராக, ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டிக்குள் இருக்கும் கண்ணாடியை மட்டும் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்துவிடுவார். பின்னால் அழுகிறவர்களின் முகம் ஓட்டுகிறவனுக்கு எதற்கு?

அவருடைய மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. கொதிக்கும் தொட்டியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து மாடிக்கு அனுப்ப வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம் அவள், அடியில் அவர். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் அந்த வேனில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. "நான் ஏற மாட்டேன், நீங்களும் கூப்பிடக் கூடாது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். காலி வண்டியோடு அவர் அவளைத் தாண்டிப் போவார். அவள் கை காட்ட மாட்டாள், அவரும் நிறுத்த மாட்டார். ஓடி வருகிறவர்களுக்கெல்லாம் நிறுத்திய மனிதர்தான்.

பிள்ளைகள் இல்லை. இரண்டு அறை வீடு. அவள் வேலை முடிந்து வரும்போது அவருக்கு அழைப்பு வரும். அவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்த இரண்டு நல்ல குடித்தனக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்படியிருக்கும்போது ஆஸ்பத்திரி நிர்வாகம் அடித்தளத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியது. கீழே நிற்கும் வண்டிகளின் புகை, காற்றுக் குழாய் வழியாகக் குழந்தைகள் வார்டுவரை போகிறதாம். புது வருஷத்திலிருந்து புகை விடும் வண்டிகளுக்குச் சரிவுப் பாதையில் இடமில்லை. மின்சார வண்டி மட்டும்தான் இறங்கலாம்.

நியாயம்தான், யார் மறுக்க முடியும்? ஆனாலும் நிதானத்திடம் இருந்தது அந்த ஒரு டீசல் வேன்தான். அதே தொழிலில் பத்து வண்டி வைத்திருந்த பெரிய நிறுவனம் அடுத்த வாரமே பளபளவென்று மின்சார வண்டிகளை இறக்கிவிட்டது. நிதானம் ஷோரூமுக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டு, கேட்காததுபோலத் திரும்பி நடந்தார். விற்பனைப் பையன் பின்னாலேயே வந்தான்.

"சார், முழு விலையும் நீங்க குடுக்க வேண்டியதில்ல. மின்சார வண்டிக்கு அரசாங்கம் வரிச் சலுகை தருது. இங்கயே விலையில கழிச்சுடுவோம். உங்களுக்குத் தகுதி இருக்கான்னு மட்டும் ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

ஆடிட்டர் ஒரு பேப்பர் கடையின் மாடியில் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசும் மனிதர்.

"தனி ஆளா வாங்குறீங்களா, தொழிலுக்கு வாங்குறீங்களா?"

"நான் தனி ஆளாத்தான் தொழில் பண்றேன்."

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்களே. ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"அப்ப தொழிலுக்குன்னே போடுங்க."

ஆடிட்டர் நிதானத்தின் வரவு செலவைக் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இது கையில தர்ற காசு இல்ல. நீங்க கட்ட வேண்டிய வரியிலேருந்து கழிக்கிறது. உங்க வருமானத்துக்கு வரியே வரலையே, எதுலேருந்து கழிக்கிறது?"

"அப்ப நிறைய சம்பாதிக்கிறவனுக்குத்தான் கிடைக்குமா?"

"ரொம்ப சம்பாதிச்சாலும் கிடைக்காது. தனி ஆளுக்கு அதுக்கும் ஒரு வரம்பு வச்சிருக்காங்க. நடுவுல இருக்கணும்."

"நான் எங்க இருக்கேன்?"

"நீங்க கீழ இருக்கீங்க."

நிதானத்துக்குச் சிரிப்பு வந்தது. கீழே என்பது அவருக்குப் பழகிய இடம்தான்.

"தொழில் கணக்குல போட்டா ஒரு வசதி இருக்கு" என்றார் ஆடிட்டர். "இந்த வருஷம் கழிக்க முடியாததை அடுத்தடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். தொழில் நல்லா வளர்ந்து வரி கட்டுற நிலைமை வந்தா, அப்ப எடுத்துக்கலாம்."

"தொழில் வளர்றதுன்னா..." என்று ஆரம்பித்து நிதானம் நிறுத்திக்கொண்டார். இந்தத் தொழில் வளர்ந்தால் ஊர் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆடிட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வீட்டுல மாசச் சம்பளக்காரங்க யாராவது?"

"சம்சாரம். சம்பளத்துலயே வரி பிடிக்கிறாங்க."

"அவங்க பேர்ல, சொந்த உபயோகத்துக்குன்னு வாங்கினா முழுசாக் கிடைக்கும். புது வண்டி, உள்நாட்டுல செஞ்ச வண்டி, வருமானமும் வரம்புக்குள்ள. எல்லாம் பொருந்துது. ஒண்ணே ஒண்ணுதான். வண்டி ஓடுறதுல பாதிக்கு மேல சொந்த உபயோகமா இருக்கணும். வருஷா வருஷம் அப்படின்னு கையெழுத்துப் போடணும். நான் வந்து பார்க்கப் போறதில்ல. ஆனா தகுதி இல்லன்னு பின்னாடி தெரிஞ்சா வட்டியோட திருப்பிக் கட்டச் சொல்வாங்க. கையெழுத்து அவங்களோடது, அதை யோசிச்சுக்குங்க."

நிதானம் வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"வண்டியில நான் ஏறணுமா?"

"வேணாம்மா. பேரு மட்டும்தான்."

"நான் ஏற மாட்டேன், என் பேரு மட்டும் ஏறிக்கணும். அப்படித்தானே?"

அவர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். வேறு வழி இருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும். துணியைப் பிழிந்து போட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி வந்தது. வெள்ளை நிறம். குடும்ப வண்டி என்பதால் பின்னால் ஒரு வரிசை இருக்கை, சாம்பல் நிறத் துணி போர்த்தியது. கொக்கியை நெம்பினால் மொத்தமாகக் கழன்று வரும்படி செய்திருந்தார்கள். நிதானம் அதைக் கழற்றி முன்னறைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, பழைய வேனின் தண்டவாளத்தையும் பலகையையும் இதற்கு மாற்றினார். முதல் நாள் சரிவுப் பாதையில் இறங்கும்போது அவருக்கே வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. பிணவறைக் காவலாளி சத்தமே இல்லாமல் வந்து நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, பேய் மாதிரி வந்து நிக்கிறீங்க!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

அந்த அமைதிதான் அவரை வாட்டத் தொடங்கியது. டீசல் வேனில் இத்தனை வருஷமும் எஞ்சின் சத்தம் ஒரு சுவர்போல அவருக்குப் பின்னால் நின்றிருந்தது. இப்போது அந்தச் சுவர் போய்விட்டது. பின்னால் பேசுவதெல்லாம் காதுக்குள் வந்து விழுந்தது. ஒரு பெண் அப்பாவின் உடம்பிடம், "நீ கூப்பிட்டப்ப நான் வேணும்னேதான்பா எடுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு அண்ணன் தம்பிகள் அம்மாவை நடுவில் கிடத்திக்கொண்டு, வீட்டை எப்போது விற்பது என்று குசுகுசுவென்று பேசினார்கள். ஒரு கிழவர் ஒன்றுமே பேசாமல் மனைவியின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். அந்தத் துணி உரசும் சத்தம் மயானம்வரை கேட்டது. நிதானம் வானொலியைப் போட்டுப் பார்த்தார், மரியாதையாக இல்லை என்று அணைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டின் முன் உட்கார்ந்தால் அந்தப் பேச்சுகள் கூடவே வந்து உட்கார்ந்தன.

மனைவிக்கு வேறு ஒன்று உறுத்தியது. சுவரோரம் நின்ற இருக்கை. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த சீட்டைத் தூக்கி மாட்டுங்க. எங்கயாவது போவோம்."

நிதானத்துக்குக் காதை நம்ப முடியவில்லை. "நீயா? வண்டியிலயா?"

"பாதிக்கு மேல சொந்த உபயோகம்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அது பொய்யா இருக்கக் கூடாது. பொய்யா எழுதிட்டோம், உண்மையாக்கிடுவோம்."

அவர் தண்டவாளத்தைக் கழற்றி, தரையைக் கழுவி, இருக்கையை மாட்டினார். முன்னிருக்கையில் உட்காரச் சொன்னார். "அது அவங்க உக்கார்ற இடம்" என்று அவள் மறுத்துவிட்டாள். பின்னால் பலகையில் இடம் போதாதபோது இறந்தவரின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே உட்காருவார். பின்னால் புது இருக்கையில், அவருடைய முதுகுக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். முதல் அரை மணி நேரம் கதவுப் பிடியை விடவே இல்லை. நிதானம் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே திருப்பினார். அதில் அவள் முகம் தெரிந்தது.

வண்டியின் மீட்டரில் பயண தூரத்தைத் தனித்தனியாகக் காட்ட இரண்டு கணக்கு இருந்தது. 'ஏ' தொழிலுக்கு, 'பி' சொந்தத்துக்கு என்று வைத்துக்கொண்டார்கள். வாரநாட்களின் சவாரிகள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும் சின்னச் சவாரிகள். ஞாயிற்றுக்கிழமை தூரமாக ஒரு சுற்று போய்வந்தால் பி முந்திவிடும். நீர்த்தேக்கம், கடற்கரை, அவளுடைய அக்கா வீடு என்று ஒவ்வொரு வாரமும் போனார்கள். அன்று மட்டும் அவர் போனை அணைத்துவைத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது.

"சைக்கிள்காரன் நம்மளை முந்திட்டுப் போறான்" என்பாள் பின்னாலிருந்து.

"போகட்டும்."

"திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டு வேற போறான்."

"அவனும் ஒருநாள் நம்ம வண்டிக்குத்தானே வரணும்."

"ச்சீ, வாயைக் கழுவுங்க!" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்துவிடுவாள்.

வண்டியில் சத்தம் இல்லாததால் அவள் மெல்லப் பேசினாலும் அவருக்குக் கேட்டது. சின்ன வயதில் தையல் கற்க ஆசைப்பட்டதைச் சொன்னாள். சலவைப் பிரிவின் நீராவியில் மூச்சு இழுப்பதைச் சொன்னாள். இதையெல்லாம் இத்தனை வருஷத்தில் வீட்டில் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஒருநாள் திரும்பி வரும்போது தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வீட்டு வாசல் வந்தும் நிதானம் நிறுத்தவில்லை. அவள் விழிக்கும்வரை தெருத் தெருவாகச் சுற்றினார். எழுந்ததும் அவள் மீட்டரை எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கே" என்றாள். எதற்காகச் சுற்றினார் என்று அவர் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வார்டுகளில் தரையில் பாய் போட்டார்கள். சலவைப் பிரிவில் விரிப்புகள் மலைபோலக் குவிந்தன. அடித்தளத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன. நிதானத்துக்கு வண்டியைச் சார்ஜ் போடக்கூட நேரமில்லை. ஏ ஏறிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை போனை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் மட்டும் விடவில்லை. மற்ற நாட்களிலும் வேலை முடிந்து வந்த கையோடு, கண் சொருகச் சொருக, "வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம்" என்பாள். நெடுஞ்சாலையில் பேச்சில்லாமல் போவார்கள், பேச்சில்லாமல் திரும்புவார்கள். எவ்வளவு போனாலும் பி எட்டவில்லை.

சலவைப் பிரிவில் அவளுக்கு எதிரில் நின்று விரிப்பு மடிக்கிற ஒரு அக்கா இருந்தாள். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த அக்காவின் கைகளும் இவளுடைய கைகளும் ஒரு நாளைக்கு நூறு முறை சந்தித்துக்கொண்டவை. காய்ச்சல் அந்த அக்காவையும் கொண்டுபோனது. சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம், வெகு தூரம். வேறு வண்டிக்காரர்கள் தயங்கினார்கள், நிதானம் போனார். சலவைப் பிரிவில் ஆள் இல்லாததால் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சரிவுப் பாதையின் மேலே நின்று, வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை நிதானம் திரும்பி வந்தபோது அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். "நல்லபடியா கொண்டுபோய்ச் சேர்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கதவு வழியாகத் தலையை நீட்டினாள். பழக்க தோஷத்தில் கண் மீட்டருக்குப் போனது. ஏ எங்கேயோ தாவியிருந்தது.

"ஐயையோ, இதுக்கு ஈடா நாம எவ்வளவு தூரம் போகணும்!" என்றாள்.

சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நிதானம் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிடவில்லை, ஆனால் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எனக்கு எதிர்ல நின்னவங்க அவங்க. அவங்க கடைசியாப் போன வழியை நான் கிலோமீட்டராப் பார்த்துட்டேன் பாருங்க" என்றாள். "நான் இப்படி ஆயிட்டேனே."

அந்த வாரமே ஆடிட்டரிடமிருந்து போன் வந்தது. வருஷக் கையெழுத்துக்கு நேரமாகிவிட்டதாம். அவள் ஆடிட்டரிடம் போகவில்லை. விடுப்புச் சொல்லிவிட்டு நேராக வரி அலுவலகத்துக்குப் போனாள். நிதானம்தான் வண்டியில் அழைத்துப் போனார். உள்ளே தானும் வருவதாகச் சொன்னதற்கு, "என் பேர்ல இருக்கிறது. நானே பேசிக்கிறேன்" என்றுவிட்டாள். ஆனாலும் அவர் பின்னாலேயே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அறைக் கதவு திறந்தே இருந்தது.

அதிகாரி ஒரு சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"அம்மா, யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேக்கலையே. நீங்களா எதுக்கு வந்தீங்க?"

"பாதிக்கு மேலன்னு எழுத முடியாதும்மா. அது இல்ல."

"சரி, நீங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறது வர்றது எல்லாம் அந்த வண்டியிலதானே? அதுவும் சொந்த உபயோகம்தான். அதையும் சேர்த்தா பாதி தாண்டிடும். அப்படி எழுதிக்கட்டுமா?"

அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள். வெளியே பெஞ்சில் நிதானம் கதவுப் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"நான் பஸ்லதாம்மா போறேன்" என்றாள் மனைவி.

சலுகையாகக் கழித்த தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆனது. தானாக வந்து சொன்னதால் அபராதம் போடவில்லை. மாதா மாதம் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். முடிய நாலைந்து வருஷம் ஆகும். வண்டி இனிமேல் தொழில் கணக்கில். அந்தக் கணக்கில் கிடைக்கக்கூடிய சலுகைக்கு, வரி கட்டும் அளவு வருமானம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் நிதானம் பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க. உங்களுக்கு சவாரி இருக்கும். நான் பஸ்ல வந்துடறேன்."

"இவ்வளவு தூரம் வந்தது வந்தாச்சு, ஏறிக்கோ."

"இது இப்ப தொழில் வண்டிங்க" என்றாள். கோபமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவருக்கு அவள்மேல் ஆத்திரம் வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தரையைக் கழுவி, இருக்கையை மாட்டி, போனை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"நீர்த்தேக்கம் பக்கம் போய்ட்டு வரலாமா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னத் துணிகள், ஒரு ஆளே மடிக்கக்கூடியவை. "இனிமே எதுக்குங்க?" என்று கேட்டாள். "யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லையே."

எனக்காக வா என்று சொல்ல நிதானத்துக்கு நாக்கு எழவில்லை. அப்படிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தனக்கு என்னவாக இருந்தன என்பதை அவர் சொல்லவே இல்லை. அவள் வெறும் கணக்குக்காகத்தான் வந்தாளா என்று அவர் கேட்கவும் இல்லை. இருக்கையைக் கழற்றினார். சில மாதங்கள் கழித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வேன்காரர் ஒருவர் வந்து அதை விலை பேசித் தூக்கிக்கொண்டு போனார்.

காய்ச்சல் ஓய்ந்தது. மனைவிக்கு மூச்சிரைப்பு அதிகமானது. ஆனாலும் பிடித்தம் முடியும்வரை வேலையை விட முடியாது என்று போய்க்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதிரில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். நிதானம் ஞாயிற்றுக்கிழமையும் போனைத் திறந்தே வைத்திருக்கிறார். சில ஞாயிறுகளில் மதியம்வரை அழைப்பு வராது. அப்போது இரண்டு பேரும் முன்னறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அதற்குள் போன் அடிக்கும். "எடுங்க, யாரோ காத்திருப்பாங்க" என்பாள் அவள். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார்.